ஒரே டெய்லர், ஒரே மெஷின், இரண்டு புகைப்படம்: ரூலா மதிப்பெண் 3 சரியா, 5 சரியா?

பின்னலூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் தொழிலாளர் நலன் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் தையல் லைனில் கழுத்து வலி, வலது தோள் வலி இல்லாத டெய்லரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டெய்லர்கள் உட்காரும் நிலையைப் படம் எடுத்து மதிப்பிட்டு அறிக்கை கொடுங்கள் என்று எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் (buyer) தரப்பில் கேட்டிருக்கிறார்கள்.

அதற்காக வெளியிலிருந்து வந்தவர் ஓவர்லாக் ஓட்டும் ஒரு அக்காவைப் படம் எடுத்து, உடல் நிலைக்கு ஆபத்து மதிப்பெண் போடும் ரூலா முறையில் 3 போட்டார். எண் ஏற ஏற ஆபத்து. அன்று மதியத்துக்கு மேல் எங்கள் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) பிரிவுத் தம்பி அதே அக்காவை அதே மெஷினில் எடுத்து 5 போட்டார். இருவரும் நிரப்பியது ஒரே படிவம். கை சம்பந்தப்பட்ட எண்களில் வித்தியாசமே இல்லை. கழுத்திலும் முதுகிலும்தான் இடிக்கிறது. ஒருவருக்கு இரண்டுமே 2, இன்னொருவருக்கு இரண்டுமே 3.

3 என்றால் 'மேற்கொண்டு ஆராயலாம்' என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். 5 என்றால் 'விரைவில் மாற்ற வேண்டும்'. ஸ்டூல், மேசை, விளக்கு என்று செலவு வரும். எந்தப் படத்தை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாய்கோணம்

பின்னலூர்க்காரி, மதிப்பெண்ணைப் பிறகு பார்ப்போம். முதலில் இரண்டு கேள்வி. படம் எடுத்தபோது கேமரா எங்கே நின்றது? எந்த உயரத்தில் இருந்தது?

ரூலாவை நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் மெக்அட்டம்னியும் கார்லெட்டும் உருவாக்கி 1993ல் வெளியிட்டார்கள். தையல் மெஷின் வேலையையும் பார்த்து உருவாக்கிய முறை என்பதால் உங்கள் லைனுக்குப் பொருத்தமானதுதான். ஆனால் அது உடம்பைக் கோண எல்லைகளாக வெட்டி வைத்திருக்கிறது. கழுத்து 10 முதல் 20 டிகிரி வரை குனிந்தால் 2, 20ஐத் தாண்டினால் 3. முதுகு 20 வரை 2, 20 முதல் 60 வரை 3. 19க்கும் 21க்கும் உடம்பில் பெரிய வித்தியாசம் இல்லை, தாளில் இருக்கிறது. அதனால் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆளைக் கேமரா கொஞ்சம் தவறாகக் காட்டினாலும் மதிப்பெண் குதித்துவிடும்.

பின்னலூர்க்காரி

முதல் படம் லைனுக்கு நடுவில் உள்ள நடைபாதையில் நின்றபடி, முன்பக்க மூலையிலிருந்து எடுத்தது. அக்காவின் முகமும் இடது தோளும் தெரிகிறது. இரண்டாவது படம் பக்கத்து மெஷினை நகர்த்திவிட்டு நேர் பக்கவாட்டில் எடுத்தது. தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்தார்.

சாய்கோணம்

அப்படியென்றால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

முதுகு முன்னால் சாய்வதை அப்படியே காட்டுவது நேர் பக்கவாட்டுப் படம் மட்டும்தான். கேமரா அந்தக் கோட்டிலிருந்து விலக விலகச் சாய்வு படத்தில் குறைந்துகொண்டே போகும். உண்மைச் சாய்வின் டேன் மதிப்பை விலகல் கோணத்தின் காஸ் மதிப்பால் பெருக்கினால் படத்தில் தெரியும் சாய்வின் டேன் கிடைக்கும். பத்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

அந்த அக்காவின் முதுகு உண்மையில் 22 டிகிரி சாய்ந்திருக்கிறது, தலை செங்குத்திலிருந்து 43 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 21தான் கழுத்தின் குனிவு. நேர் பக்கவாட்டில் எடுத்தால் இரண்டுமே 20க்கு மேல், தலா 3. இப்போது கேமரா 30 டிகிரி விலகி நடைபாதையில் நிற்கட்டும். முதுகு 19.3 ஆகத் தெரியும், தலை 38.9. கழுத்துக்கு வருவது 19.6. இரண்டுமே 20க்குக் கீழே போய்விட்டன, தலா 2.

அப்புறம் ரூலா அட்டவணையில் தேடுங்கள். கழுத்து 2, முதுகு 2, கால் 1 என்றால் கிடைப்பது 2. நிமிடத்துக்கு நான்கு தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை என்பதால் ஒன்று கூட்டி 3. கழுத்து 3, முதுகு 3 என்றால் 4, ஒன்று கூட்டி 5. கைக்கு மேல்கை 2, முன்கை 1, மணிக்கட்டு 2 என்று வைத்தால் 3, அதற்கும் ஒன்று கூட்டி 4. கடைசி அட்டவணையில் கை 4, உடல் 3 சேர்ந்தால் இறுதி மதிப்பெண் 3. கை 4, உடல் 5 சேர்ந்தால் 5.

உங்கள் இரண்டு எண்களும் அப்படியே வருகின்றன. அக்கா அசையவே இல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் இந்த வித்தியாசம் வந்திருக்கும். இரண்டாவது படத்தை நம்புங்கள். முன்சாய்வைப் பொறுத்தவரை, மூலையிலிருந்து எடுத்த படம் ஆபத்தைக் குறைத்துத்தான் காட்டும்.

ஒளிப்பெட்டி

நான் தொழிலாகப் படம் எடுப்பவன். சாய்கோணம் சொன்னதோடு சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

தூரம் முக்கியம். போனில் உள்ள பிரதான லென்ஸ் அகலக் கோண லென்ஸ். லைனுக்குள் இடம் இல்லை என்று ஒரு மீட்டரில் நின்று எடுத்தால் கேமராவுக்கு அருகில் இருக்கும் தோள் பெரிதாகவும் தலை வேறு இடத்திலும் தெரியும். சட்டகத்தின் ஓரத்தில் ஆளை வைத்தால் இழுபட்டும் போகும். குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நின்று, ஆளை நடுவில் வைத்து எடுங்கள். இங்கே பலர் ஜூம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஜூம் மட்டும் எதையும் சரிசெய்யாது. நின்ற இடம்தான் உருவத்தின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொண்டாலும் போதும்.

உயரம்: உட்கார்ந்திருப்பவரின் தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட உயரத்தில், முக்காலியில், போன் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆள் நின்றுகொண்டு போனைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்த படத்தில் செங்குத்துக் கோடே செங்குத்தாக இருக்காது. பிறகு எதை வைத்துக் கோணம் அளப்பது?

அதற்கு எளிய வழி கொத்தனாரிடம் இருக்கிறது. ஒரு தூக்குக்குண்டை டெய்லருக்குப் பக்கத்தில், அதே தூரத்தில் தொங்க விடுங்கள். படத்தில் அந்த நூல் விழும். அதிலிருந்து அளந்தால் போன் கொஞ்சம் சரிந்திருந்தாலும் கோணம் கெடாது. கினோவியா, இமேஜ்ஜே என்ற நிரல்கள் இரண்டுமே இலவசம், இரண்டிலும் கோணம் அளக்கும் வசதி இருக்கிறது.

பவர்டேபிள்_அக்கா

நான் இதே வேலையில் இருப்பவள். சிங்கர் மெஷினில் தொடங்கி இப்போது பிளாட்லாக் ஓட்டுகிறேன். நீங்கள் எல்லாரும் கேமரா எங்கே நின்றது என்று பேசுகிறீர்கள். எப்போது எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லையே.

போனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் லைனுக்குள் வந்தாலே நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். யாரும் சொல்லித்தர வேண்டாம், தானாக வரும். காலையில் வந்து எடுத்தால் இன்னும் நேராக இருப்போம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல், டார்கெட் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். முகம் ஊசிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும் நாளில் இன்னும் மோசம்.

இன்னொன்றும் சொல்கிறேன். படம் எடுத்துப் போகிறார்கள், அது எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரிவதில்லை. முன்பு ஒரு இடத்தில், வேலையைப் பார்க்கிறோம் என்று வீடியோ எடுத்து, பிறகு அதை வைத்து ஒரு பீஸுக்கு இத்தனை நொடி என்று டார்கெட்டை ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கேமராவைப் பார்த்தாலும் பயம்தான். வலிக்காக எடுக்கிறீர்கள் என்றால் வலி உள்ளவரிடம் காட்டுங்கள்.

சாய்கோணம்

அக்கா, நீங்கள் சொன்னது இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல். பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், லைனில்தான் அதன் கனம் தெரிகிறது. நான் செய்வது, முக்காலியை வைத்துவிட்டு ஷிப்ட் முழுக்க அங்கேயே விட்டுவிடுவது. முதல் ஒரு மணி நேரத்துப் படங்களை எடுத்துக்கொள்வதில்லை. பிறகு கேமரா இருப்பதையே மறந்துவிடுகிறார்கள், உடம்பு தன் வழக்கத்துக்கு வந்துவிடுகிறது.

டார்கெட் விஷயத்தில், படத்தை யார் பார்க்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் நான் எடுப்பதே இல்லை. உற்பத்திப் பிரிவுக்குக் கொடுக்கமாட்டோம் என்ற வரி அதில் கண்டிப்பாக இருக்கும். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பற்றித்தான் பேசுகிறது. சட்டமே இல்லாவிட்டாலும் இது மரியாதை.

இயன்முறை_மதுரை

பிசியோதெரபிஸ்ட். இரண்டு படத்திலும் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குக் கோடு போட்டார்கள் என்று கேளுங்கள். அங்கேதான் மீதிப் பாதி விடை இருக்கும்.

கிளினிக்கில் தலை முன்னே தள்ளியிருப்பதை அளக்க, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டையும் கழுத்தின் அடியில் புடைத்துத் தெரியும் ஏழாவது கழுத்தெலும்பையும் இணைத்துக் கோடு போடுவோம். அந்தக் கோடு கிடைமட்டத்தோடு செய்யும் கோணம் சாதாரணமாக 50 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். குறையக் குறையத் தலை முன்னே போகிறது என்று அர்த்தம். முதுகுக்கு இடுப்பின் பக்கவாட்டில் தொடை எலும்பு புடைக்கும் இடம் வேண்டும், தோள் நுனி வேண்டும்.

இப்போது உங்கள் லைனை நினைத்துப் பாருங்கள். கழுத்தெலும்பின் மேல் பின்னல் கிடக்கும். இடுப்பின் மேல் முந்தானை, அல்லது சுடிதாருக்கு மேலே போட்ட ஆண் சட்டை. குறி தெரியாமல் கண்ணால் யூகித்துக் கோடு போட்டால் ஆளுக்கு ஆள் நான்கைந்து டிகிரி மாறுவது சாதாரணம். நான் ஸ்டிக்கர் பொட்டைப் பயன்படுத்துகிறேன். பெரிய சைஸ், துணியின் நிறத்துக்கு எதிர் நிறம். பெண் ஊழியர் ஒருவர் கையால் தடவிப் பார்த்து எலும்புக்கு மேலே ஒட்ட வேண்டும். பின்னலைத் தூக்கிக் கொண்டை போடச் சொல்லுங்கள். காது தெரிய வேண்டும் என்பதால் முகத்தை மறைக்கும்போது நெற்றியிலிருந்து தாடை வரை மட்டும் மங்கலாக்கினால் போதும், காதை விட்டுவிடலாம்.

அப்புறம் முக்கியமான ஒன்று. வலது தோள் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கவாட்டுப் படத்தில் தோள் தூக்கியிருப்பது தெரியவே தெரியாது. பின்னாலிருந்து ஒரு படம் எடுங்கள்.

நிரல்வண்டு

இவ்வளவு சிரமம் எதற்கு? மீடியாபைப் மாதிரி நிரல்கள் இருக்கின்றன. வீடியோ கொடுத்தால் உடம்பில் 33 புள்ளிகளைத் தானே கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ரூலா கணக்குப் போட ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் போதும்.

இயன்முறை_மதுரை

அந்த 33 புள்ளிகள் எவை என்று பாருங்கள் தம்பி. முகத்தில் பல இருக்கின்றன, தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், இடுப்பு, முழங்கால், பாதம் இருக்கின்றன. முதுகெலும்பில் ஒன்றுகூட இல்லை. தோளையும் இடுப்பையும் இணைக்கும் நேர்க்கோட்டைத்தான் அது முதுகு என்று எடுத்துக்கொள்ளும். தையல் வேலையில் பெரும்பாலும் இடுப்பு அப்படியே இருக்க, மேல்முதுகுதான் கூன் விழுந்து வளைகிறது. நிரலுக்கு அது தெரியாது. மெஷின் தலை இடது மணிக்கட்டை மறைக்கும், மேசை முழங்காலை மறைக்கும். மறைந்த இடத்தில் நிரல் ஒரு புள்ளியை ஊகித்து வைக்கும், அந்த ஊகமும் தாளில் எண்ணாக வந்துவிடும்.

நிரல்வண்டு

முதுகெலும்பு விஷயம் நான் யோசிக்காதது, நன்றி. ஆனாலும் மணிக்கணக்கான வீடியோவில் கழுத்து எவ்வளவு நேரம் குனிந்திருந்தது என்று வாரிப் பார்க்க நிரல் உதவும் என்றுதான் நினைக்கிறேன். எல்லைக்குப் பக்கத்தில் வரும் ஃபிரேம்களை மட்டும் மனிதர் பார்த்து அளக்கலாம்.

வார்ப்படம்

நான் கோவையில் ஃபவுண்டரியில் பாதுகாப்பு அதிகாரி. எனக்கு இந்த விவாதத்தின் மேலேயே ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு படத்தை வைத்து 22 டிகிரியா 19 டிகிரியா என்று இத்தனை பேர் பேசுகிறோம். வலி வருவது அந்த ஒரு நொடியால் அல்ல. எத்தனை மணி நேரம் அப்படி இருக்கிறார், நடுவில் எழுந்திருக்க முடிகிறதா, பெடலை எவ்வளவு அழுத்த வேண்டும், மெஷின் அதிர்கிறதா? இதில் எதுவும் புகைப்படத்தில் விழாது.

பின்லாந்தின் ஓவாக்கோ எஃகு நிறுவனத்தில் 1970களில் உருவான ஓவாஸ் முறையைப் பாருங்கள். முதுகுக்கு நான்கு நிலை, கைக்கு மூன்று, காலுக்கு ஏழு, சுமைக்கு மூன்று, அவ்வளவுதான். டிகிரியே அளப்பதில்லை. ஆனால் அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு தடவை பார்த்துக் குறித்துக்கொண்டே போவார்கள். கடைசியில் வேலை நேரத்தில் இத்தனை சதவீதம் குனிந்து இருந்தார் என்று ஒரு பதில் வரும். நூறு தடவை பார்த்தால் அந்தச் சதவீதம் பத்துப் புள்ளி முன்பின் இருக்கலாம். நானூறு தடவை பார்த்தால் ஐந்து. எங்கள் இடத்தில் எனக்கு இதுதான் கைகொடுத்தது.

சாய்கோணம்

வார்ப்படம் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஓவாஸில் கழுத்துக்கு இடமே இல்லை. வார்ப்படத் தொழிலில் முதுகும் சுமையும்தான் விஷயம், அங்கே அது சரி. தையலில் கழுத்தை விட்டுவிட்டால் மீதி என்ன இருக்கிறது? நேரத்துக்கு உங்கள் வழியையும் கோணத்துக்கு ரூலாவையும் சேர்த்துக்கொள்ளலாம். முக்காலியில் இருக்கும் கேமராவை அரை நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி வைத்துவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும்.

ஒளிப்பெட்டி

ஒரு நொடிப் படத்தில் அசைவு விழாது என்ற குறை புகைப்படக்காரர்களுக்குப் பழையது. 1910களில் அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் தொழிலாளியின் விரலில் சின்ன மின்விளக்கைக் கட்டி, கேமரா மூடியை நெடுநேரம் திறந்து வைத்துப் படம் எடுத்தார்கள். கை போன வழி முழுக்க வெளிச்சக் கோடாக விழுந்தது. விளக்கை விட்டுவிட்டு எரியவைத்து, கோட்டைப் புள்ளிகளாக உடைத்து வேகத்தையும் கணக்கிட்டார்கள். இருட்டறை வேண்டாம் என்றால் இன்று வீடியோவே போதும். அவர்கள் தேடியது வீண் அசைவு, நாம் தேடுவது வலி. அந்த அக்கா டார்கெட் பற்றிச் சொன்னதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். கருவி ஒன்றுதான், அது யாருக்காக வேலை செய்கிறது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

பின்னலூர்க்காரி

எல்லோரும் சொன்னபடி மறுபடி எடுத்தோம். வரிசைக் கடைசியில் ஒரு மெஷினைப் போட்டு மூன்று மீட்டர் இடம் ஒதுக்கினோம். தூக்குக்குண்டு, பொட்டு, முக்காலி எல்லாம் உண்டு. ஒப்புதல் தாளைத் தமிழில் எழுதி, உற்பத்திப் பிரிவுக்குப் போகாது என்று மேலாளர் கையெழுத்தோடு ஒட்டினோம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எடுத்த படங்களை மட்டும் அளந்தோம்.

பக்கவாட்டுப் படத்தில் கழுத்து 3, முதுகு 3. எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை, இரண்டுமே தாராளமாக 20ஐத் தாண்டிவிட்டன. பின்னாலிருந்து எடுத்த படத்தில் வலது தோள் இடதைவிடத் தெளிவாக மேலே இருந்தது. மேசைக்கு அடியில் தனியாக ஒரு படம் எடுத்தோம். வலது கால் பெடலில், இடது கால் ஸ்டூல் கம்பியில் நுனிவிரலால் தொற்றிக்கொண்டு இருந்தது. இந்த இரண்டும் பழைய படங்கள் எதிலும் இல்லை.

தோள் தூக்கியிருப்பதற்கு ஒன்று கூட்டினால் மேல்கை 3. கைப் பகுதி 4 ஆகி, திரும்பத் திரும்பச் செய்வதற்கு ஒன்று சேர்ந்து 5. இடது கால் சரியாக ஊன்றாததால் கால் 2 ஆகி, உடல் பகுதி 5, ஒன்று சேர்ந்து 6. இறுதி மதிப்பெண் 7. ரூலாவில் அதற்கு மேல் எண் இல்லை, 'உடனடியாக மாற்ற வேண்டும்'. சாய்கோணம், கணக்கைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

பவர்டேபிள் அக்கா சொன்னபடி படத்தை அந்த அக்காவிடமே காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'பெடல் அங்க தள்ளி இருக்குங்க, அதுக்குத்தான் வலது பக்கமே சாயறேன்' என்றார். பெடல் ஊசிக்கு நேராக இல்லாமல் வலது பக்கம் ஒதுங்கி மாட்டப்பட்டிருந்தது. எங்களில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

சாய்கோணம்

சரிபார்த்தேன், 7 சரி. அந்தப் பெடல் தகவலை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள். மதிப்பெண் அவசரத்தை மட்டும் சொல்லும், எதை மாற்றுவது என்று சொல்லாது. உங்களுக்கு அதைச் சொன்னது அவர்தான்.

மேசைமட்டம்

லைன் மெக்கானிக். பெடலை நகர்த்துவது ஸ்பேனர் வேலை, கம்பியைத் திருகி இழுத்துப் போட்டால் முடிந்தது, செலவே இல்லை. மேசைக் காலில் உயரம் மாற்றும் துளைகள் பெரும்பாலான மெஷின்களில் இருக்கின்றன. பொருத்திய நாளில் வைத்த உயரத்திலேயே விட்டுவிடுகிறார்கள், குள்ளமானவருக்கும் உயரமானவருக்கும் ஒரே அளவு. பின்கால்களை ஒரு துளை ஏற்றி, மேசையைத் தைப்பவர் பக்கம் சில டிகிரி சாய்த்தால் ஊசி தானாகக் கண்ணுக்குத் தெரியும், கழுத்து அவ்வளவு குனியாது. சாய்வை அதிகமாக்கினால் துணி மடியில் வழுக்கும், எண்ணெய்த் தொட்டியும் பார்க்க வேண்டும், ஒரு மெஷினில் செய்து பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். ஊசிக்குப் பக்கத்தில் காந்தத்தில் ஒட்டும் எல்இடி விளக்கு போடுங்கள். கறுப்புத் துணி ஓடும் லைனுக்கு முதலில்.

இயன்முறை_மதுரை

மாற்றிய பிறகு ஒரே வாரத்தில் படம் எடுத்து 'முன்பு, பின்பு' என்று போட்டுவிடாதீர்கள். உடம்பு பழைய வழக்கத்தை விட நாளாகும். முக்காலியின் மூன்று காலுக்கும் தரையில் டேப் ஒட்டி வைத்துவிடுங்கள், அதே இடம், அதே உயரம், அதே சாயங்கால நேரம். இதில் ஒன்று மாறினாலும் வித்தியாசம் மேசையால் வந்ததா, கேமராவால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

பவர்டேபிள்_அக்கா

பெடலைத் தள்ளிப் போடச் சொல்லி நானும் எங்கள் மெக்கானிக்கிடம் கேட்கப் போகிறேன். படம் இல்லாமல் சொன்னால் 'எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு' என்பார்கள். பின்னாலிருந்து ஒரு படம் பக்கத்து மெஷின் பிள்ளையை விட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அது போதுமா?

சாய்கோணம்

தாராளமாகப் போதும் அக்கா. உங்களுக்கு டிகிரி வேண்டாம், இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இல்லை என்று தெரிந்தால் போதும். மெஷின் மேசையின் விளிம்பும் படத்தில் விழட்டும், அதுதான் உங்கள் மட்டக்கோடு. முகம் வேண்டாம்.

பின்னலூர்க்காரி

பெடல் இன்று மாற்றியாயிற்று, மேசையும் விளக்கும் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது. அடுத்தது அயனிங் பிரிவு. அங்கே நின்றுகொண்டே வேலை, இரண்டு பக்கமும் திரும்புகிறார்கள். அங்கும் ரூலாவா?

சாய்கோணம்

அங்கே ரீபா எடுங்கள். 2000ல் ஹிக்நெட்டும் மெக்அட்டம்னியும் முழு உடலுக்காகக் கொண்டுவந்தது. காலும் பிடிமானமும் அதில் சரியாக வரும், மதிப்பெண் 15 வரை போகும். உடம்பு திருகும் வேலை என்பதால் பக்கவாட்டில் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு கேமரா வேண்டும், இரண்டும் ஒரே நொடியில் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஒருவரைக் கைதட்டச் சொன்னால் இரண்டு வீடியோவையும் அந்த இடத்தில் பொருத்திக்கொள்ளலாம். அயன் பாக்ஸின் எடையையும் தராசில் போட்டுக் குறித்து வையுங்கள்.